ஒட்டகங்களுக்கும் தண்ணீர்

தியானப் பகுதி: ஆதியாகமம் 24-ஆம் அதிகாரம்

கிறிஸ்துவுக்குள் பிரியமான சபையாரே,

வழக்கமாக எழுதும் வாராந்திரத் தியானத்தை இம்முறை ஒதுக்கிவைத்துவிட்டு, ஒரு வழக்கை உங்கள் முன் வைக்கிறேன். வழக்கு என்றே சொல்லுகிறேன். ஏனெனில் சில வாரங்களாக நம் சபையில் ஒரு குடும்பத்தின்மேல் தீர்ப்பு எழுதப்பட்டு வருகிறது. ஆலய வாசலில் செருப்பை மாட்டுகிற நேரத்தில் எழுதப்படுகிறது. ஜெபக்கூட்டம் முடிந்து தேநீர் அருந்துகையில் எழுதப்படுகிறது. குற்றஞ்சாட்டப்பட்ட இருவரை மாத்திரம் இதுவரை ஒருவரும் அழைத்து விசாரிக்கவில்லை. அவர்களுடைய சம்மதத்தைக் கேட்டுப் பெற்ற பின்னரே இதை எழுதுகிறேன். பெயர்களை எழுதவில்லை, எழுதாமலே உங்களுக்குத் தெரியும்.

நடந்தது இவ்வளவுதான். ஒரு வியாழக்கிழமை இரவு பத்தரை மணிக்கு அந்தச் சகோதரர் தொலைபேசியில் அழைத்தார். "ஐயா, மணி போய்விட்டான். இவள் மத்தியானத்திலிருந்து ஒரு வாய் சாப்பிடவில்லை. காலையில் வீட்டுக்கு வந்து ஒரு ஜெபம் பண்ணுவீர்களா?" என்று கேட்டார். மணி அவர்கள் வீட்டு நாய். நான் உடனே பதில் சொல்லவில்லை. அந்த நொடியில் என் மனத்தில் முதலாவது எழுந்தது அந்தச் சகோதரியின் கண்ணீர் அல்ல. 'சபையார் என்ன சொல்வார்களோ' என்ற பயமே. "பார்க்கலாம், தம்பி" என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் போனேன். கொல்லையில் முருங்கை மரத்தடியில் ஏற்கெனவே புதைத்திருந்தார்கள். நான் கூடத்தில் அமர்ந்து, துக்கத்தில் இருந்த இரண்டு மனிதருக்காக ஜெபித்தேன். அவர்கள் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்பினேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன்பே அது 'போதகர் நாய்க்கு அடக்க ஆராதனை நடத்தினார்' என்று ஆகிவிட்டது.

அதன்பின் ஒரு கடிதம் என் கைக்கு வந்தது. எழுதியவர்கள் சபையின்மேல் அக்கறை உள்ளவர்கள். அதில் எனக்குச் சந்தேகமில்லை. அவர்கள் சொல்லும் குறைகள் மூன்று. ஒன்று, கணினியில் பழகிக் கலியாணம் செய்துகொண்ட குடும்பம் வாலிபருக்கு முன்மாதிரி ஆகாது. இரண்டு, வேதத்தில் இழிவாகச் சொல்லப்பட்ட நாயை மடியில் வைத்துக் கொஞ்சுவது விசுவாசிக்கு அழகல்ல. மூன்று, பிள்ளை பெறவேண்டிய வயதில் நாயையும் பூனையையும் பிள்ளைகளாக வளர்ப்பது சுயநலம். இம்மூன்றுக்கும் ஒன்றன்பின் ஒன்றாகப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதலாம் குறை: கணினியில் கண்ட சம்பந்தம்

அவர்கள் சந்தித்த விதத்தை அறியாமலேயே பலர் பேசுகிறீர்கள். 2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. உணவகங்களும் தேநீர்க் கடைகளும் இறைச்சிக் கடைகளும் அடைபட்டன. அந்தக் கடைகளின் மிச்சத்தைத் தின்று பிழைத்த தெருநாய்கள் பட்டினியால் சுருண்டன. பல ஊர்களில் இளைஞர்கள் இணையத்தில் குழுக்கள் அமைத்து, தத்தம் தெருவில் சோறு வைத்தார்கள். அப்படிப்பட்ட ஒரு குழுவில் திருச்சியிலிருந்து இந்தச் சகோதரி ஒரு கேள்வி கேட்டார். தம் தெருமுனையில் புழு வைத்த புண்ணோடு எழமாட்டாமல் கிடக்கும் நாயை என்ன செய்வது என்பதே கேள்வி. பாளையங்கோட்டையிலிருந்து இந்தச் சகோதரர் பதில் சொன்னார். அவர் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் உதவியாளராக வேலை செய்தவர். மருத்துவரிடமும் கேட்டு, கைப்பேசியின் திரை வழியாகவே புண்ணைக் கழுவவும் கட்டவும் கற்றுக்கொடுத்தார். நாய் பிழைத்தது. அதுதான் மணி. அதன் பிறகு எட்டு மாதம் அவர்கள் பேசிக்கொண்டதில் பாதி, மணி இன்று எத்தனை அடி நடந்தான் என்பதுதானாம். 2021-இல் இரு வீட்டாரும் அறிய, ஆலயத்தில் ஓலை வாசிக்கப்பட்டு, முறைப்படி திருமணம் நடந்தது.

இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? இப்பொழுது நம் தியானப் பகுதிக்கு வாருங்கள்.

ஆபிரகாமின் ஊழியக்காரன் பத்து ஒட்டகங்களோடு நெடுந்தூரம் பயணம் செய்து, நாகோரின் ஊருக்குப் புறம்பே இருந்த துரவண்டையில் மாலை வேளையில் நிற்கிறான். மணமகன் கானானில் இருக்கிறான். மணமகள் அவனைப் பார்த்ததில்லை. அவனும் அவளைப் பார்த்ததில்லை. இடையில் இருப்பது ஒரு தூதனின் வாய்ச்சொல் மாத்திரமே. தூரத்திலிருந்து, முகம் காணாமல், ஒரு செய்தியின் வழியாகப் பொருந்திய சம்பந்தம் அது. இதைத்தான் ஒவ்வொரு திருமண ஆராதனையிலும் முன்மாதிரியாகச் சொல்லிப் பிரசங்கிக்கிறோம்.

அவன் கேட்ட அடையாளத்தைக் கவனியுங்கள். பெண்ணின் நிறத்தை அவன் அடையாளமாகக் கேட்கவில்லை. நகையையும் நிலத்தையும் கேட்கவில்லை. தனக்குத் தண்ணீர் கொடுப்பவள் மாத்திரமல்ல, கேளாமலே தன் ஒட்டகங்களுக்கும் வார்க்க முன்வருகிறவளே தேவன் நியமித்தவள் என்று அவன் ஜெபித்தான். மனிதனுக்குத் தண்ணீர் கொடுப்பது மரியாதை. ஊரில் எந்தப் பெண்ணும் செய்வாள். வாயில்லாத ஜீவனின் தாகத்தைத் தானாகவே நினைக்கிறவள்தான் அவன் தேடிய பெண்.

அது எளிய வேலை என்று எண்ணாதீர்கள். நீண்ட பயணத்தால் தாகமடைந்த ஒட்டகம் ஒரே மூச்சில் 100 லிட்டர் வரை குடிக்கக்கூடியது. பத்து ஒட்டகங்களும் அவ்வாறு குடித்திருந்தால் அது 1,000 லிட்டர். குடத்துக்கு 15 லிட்டர் என்று கணக்கிட்டாலும் அறுபதுக்கும் மேற்பட்ட தடவை ரெபெக்காள் துரவுக்கும் தொட்டிக்கும் நடந்திருக்க வேண்டும். அவனோடு வந்த ஆட்கள் இருந்தார்கள். அவனோ பேசாமல் அவளைக் கவனித்துக்கொண்டு நின்றான். ஒட்டகங்கள் குடித்து முடித்த பிறகுதான் பொன்னை எடுக்கிறான். அதற்குப் பிறகுதான், 22, 23-ஆம் வசனங்களின் வரிசைப்படி, அவள் யாருடைய மகள் என்று கேட்கிறான். குலம் விசாரித்தது கடைசியில். குணம் பார்த்தது முதலில்.

பிரியமானவர்களே, இங்கே நான் மழுப்பாமல் பேச வேண்டும். 'கணினியில் கண்ட கலியாணம்' என்று முகம் சுளிப்பவர்களில் எத்தனை பேர் தங்கள் பிள்ளைகளுக்கு இணையத் திருமணத் தளங்களில் வரன் தேடுகிறீர்கள்! அங்கே 'கிறிஸ்தவர்' என்று குறித்த கையோடு, அடுத்த கட்டத்தில் உங்கள் விரல் எதைத் தட்டுகிறது? சாதியின் பெயரைத்தானே? ஞானஸ்நானத்தில் கழுவப்பட்டது என்று நாம் அறிக்கையிடுகிற ஒன்றை, வரன் தேடும்போது உலர்த்தி எடுத்து மறுபடியும் உடுத்திக்கொள்கிறோம். இந்தத் தம்பதியர் ஒரே சாதி அல்லர். நம் சபையில் பலருக்கு உறுத்துவது கணினி அல்ல, நாயும் அல்ல, இதுதான். இதை வெளிப்படையாகச் சொல்ல வெட்கமாயிருப்பதால் நாயைச் சாக்காகப் பிடித்துக்கொண்டோம். ஒரு வாயில்லாத ஜீவனின் முதுகில் நம்முடைய சாதியை ஏற்றி அனுப்புகிறோம்.

'ஆபிரகாமும் தன் இனத்தாரிடத்தில்தானே பெண்கொள்ளச் சொன்னான்' என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆபிரகாமின் கவலை வாக்குத்தத்தத்தைப் பற்றியது. தன் குமாரன் வாக்குத்தத்தத்தின் தேசத்தை விட்டுத் திரும்பிப் போய்விடக் கூடாது என்று அதே அதிகாரத்தில் அவன் இரண்டு முறை எச்சரிக்கிறான். அந்த வாக்குத்தத்தம் நிறைவேறிய வழியைப் பாருங்கள். மத்தேயு எழுதின வம்ச அட்டவணையில் கானானியளாகிய ராகாப் நிற்கிறாள்; மோவாபியளாகிய ரூத் நிற்கிறாள். இரட்சகரின் வம்ச வரிசையே நம்முடைய வரன் தேடும் பட்டியலில் தேறாது!

கடிதத்தின் வழியாக ஒருவரையொருவர் அறிந்து மணந்தவர்கள் நமக்கு முன்பும் இருந்திருக்கிறார்கள். ஆங்கிலக் கவிஞர் ராபர்ட் பிரௌனிங் 1845 ஜனவரியில் எலிசபெத் பாரெட் என்னும் கவிஞருக்கு, முகம் காணாமலே, முதல் கடிதத்தை எழுதினார். நோயுற்று அறைக்குள்ளேயே வாழ்ந்த அவரை நேரில் கண்டது அவ்வாண்டு மே மாதத்தில். அந்த அறையில் எலிசபெத்துக்குத் துணையாயிருந்தது 'பிளஷ்' என்ற நாய். 1846 செப்டம்பரில், திருமணத்துக்குச் சில நாட்களே இருக்கையில், நாய் திருடர்கள் அதைக் கவர்ந்து சென்று பணம் கேட்டார்கள். அந்த அம்மையார் திருடர்கள் வாழ்ந்த பகுதிக்குத் தாமே வண்டியேறிப் போனார். பணம் கொடுத்து நாய் மீட்கப்பட்டது. செப்டம்பர் 12 அன்று ஆலயத்தில் திருமணம். ஒரு வாரத்தில் தம்பதியர் நாயோடு இத்தாலிக்குப் புறப்பட்டார்கள். பெண்ணின் தகப்பனோ சாகும்வரை மன்னிக்கவில்லை. மகள் எழுதிய கடிதங்களை உறை பிரிக்காமலே திருப்பி அனுப்பினார். அந்தத் தகப்பனும் ஆலயத்துக்குப் போகிறவர்தான். நம்முடைய வீடுகளிலும் உறை பிரிக்கப்படாத கடிதங்கள் உண்டல்லவா?

வாலிபருக்கு ஒரு வார்த்தை. இதைப் படித்துவிட்டு இணையத்தில் காணும் எவரையும் நம்பிவிடாதீர்கள். பொய் முகம் காட்டிப் பணம் பறிப்பவர்களும் மானத்தைக் குலைப்பவர்களும் அங்கே உண்டு. ரெபெக்காளின் வீட்டில் ஊழியக்காரன் உண்ணும் முன்பே தான் யார், எங்கிருந்து வந்தான் என்று எல்லாவற்றையும் விளக்கினான். வீட்டார் கேட்டார்கள், பெண்ணையும் கேட்டார்கள். ஒளித்துவைக்கச் சொல்லும் எந்த உறவும் சந்தேகத்துக்குரியதே.

இரண்டாம் குறை: மடியில் நாய்

கடிதத்தில் இரண்டு வசனங்கள் மேற்கோள் காட்டப்பட்டிருக்கின்றன. பரிசுத்த நகரத்துக்குப் புறம்பே நாய்கள் இருக்கும் என்று சொல்லும் வெளிப்படுத்தின விசேஷம் 22:15 ஒன்று. நாய்களைக் குறித்து எச்சரிக்கும் பிலிப்பியர் 3:2 மற்றொன்று. இவ்விரண்டு இடங்களிலும் நாய் என்பது நான்கு கால் பிராணி அன்று; அக்கிரமம் செய்யும் மனிதருக்கு வழங்கப்பட்ட பெயர். அந்த வசனங்களைக் கொண்டு மணியைத் தள்ளப் பார்க்கிறவர்கள், அவை தங்கள்மேல் திரும்பிவிடாதபடி எச்சரிக்கையாயிருப்பது நல்லது.

நாயைக் குறித்த வேறொரு பகுதியும் உண்டு. மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் சீரோபேனிக்கியா தேசத்தாள் ஒருத்தி பிசாசு பிடித்த தன் மகளுக்காக ஆண்டவரிடம் வந்து கெஞ்சுகிறாள். பிள்ளைகளின் அப்பத்தை நாய்க்குட்டிகளுக்குப் போடுவது தகாது என்ற சொல்லுக்கு, மேசைக்குக் கீழே சிந்தும் துணிக்கைகள் நாய்க்குட்டிகளுக்கு உண்டே என்று பதில் சொல்லுகிறாள். அங்கே பிள்ளைகள் இஸ்ரவேலர். நாய்க்குட்டிகள் யார்? புறஜாதியார். அதாவது நீங்களும் நானும். துணிக்கையில் தொடங்கிப் பந்தியிலேயே இடம் பெற்றுவிட்ட நாம், இன்று மேசைக்குக் கீழே ஒரு நாய் படுத்திருப்பதைக் கண்டு அருவருக்கிறோம்!

ஓய்வுநாள் கற்பனையில் எஜமானோடும் வேலைக்காரனோடும் மிருகஜீவனுக்கும் இளைப்பாறுதலைத் தேவன் நியமித்தார். போரடிக்கிற மாட்டின் வாயைக் கட்டலாகாது என்று சட்டம் எழுதினார். நினிவேயை ஏன் அழிக்கவில்லை என்று யோனாவுக்கு விளக்கும் கடைசி வசனத்தில், 1,20,000-க்கும் அதிகமான மனிதரை எண்ணிய அதே வாயால் அந்த நகரத்தின் மிருகங்களையும் சேர்த்துச் சொன்னார். நீதிமொழிகள் 12:10 நீதிமானுக்குக் கூறும் அடையாளங்களில் ஒன்று, தன் மிருகத்தின் உயிரைக் கருதுவது. மயிலுக்குப் போர்வை போர்த்திய பேகனைப் பள்ளிக்கூடத்தில் மெச்சிப் படித்த நமக்கு, இது ஏன் வேதத்தில் கண்ணில் படவில்லை?

மிருகத்தை நேசிப்பவன் மனிதனை மறந்துவிடுவான் என்பதும் உண்மையன்று. 1824-இல் லண்டனில் மிருக வதைத் தடுப்புச் சங்கம் உருவானபோது அதைக் கூட்டியவர் ஆர்தர் புரூம் என்னும் ஆங்கிலிக்கன் குருவானவர். சங்கத்தின் கடனுக்காக அவர் சிறைக்கும் போனார். தொடக்கத்தில் அவரோடு நின்றவர்களில் ஒருவர், அடிமை வியாபாரத்தை ஒழிக்க வாழ்நாளெல்லாம் போராடிய வில்லியம் வில்பர்ஃபோர்ஸ். சங்கிலியில் கிடந்த மனிதனுக்காக அழுத கண்தான் சாட்டையடி பட்ட குதிரைக்காகவும் அழுதது.

இனி என்னுடைய குற்றத்தைச் சொல்லுகிறேன். தீர்க்கதரிசியாகிய நாத்தான் தாவீதுக்குச் சொன்ன உவமையை அறிவீர்கள். தரித்திரன் ஒருவனிடம் ஓர் ஆட்டுக்குட்டி இருந்தது. அது அவனுடைய சோற்றில் பங்கு தின்று, அவன் பாத்திரத்தில் குடித்து, அவன் மடியில் படுத்து, அவனுக்கு ஒரு மகளைப்போல இருந்தது. நாத்தான் அந்தத் தரித்திரனைப் பரிகசிக்கவில்லை. தாவீதும் சிரிக்கவில்லை, கோபத்தால் கொதித்தான். ஆட்டுக்குட்டியை மகளாக நினைத்த பாசத்தின்மேல்தான் அந்த உவமையின் முழுப் பாரமும் நிற்கிறது. சென்ற ஆண்டு, குடும்ப ஞாயிறு அன்று, நான் பிரசங்க பீடத்தில் நின்று, "இந்தக் காலத்தில் தொட்டிலை விற்றுவிட்டு நாய்ச்சங்கிலி வாங்குகிறார்கள்" என்று சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள். நல்ல வேடிக்கையாகப் பேசினேன் என்று எனக்கும் உள்ளூர மகிழ்ச்சி. நான்காவது வரிசையில் அந்த இருவரும் அமர்ந்திருந்தார்கள். நாத்தானின் விரல் தாவீதை நோக்கித் திரும்பியதுபோல இன்று என்னை நோக்கித் திரும்பி நிற்கிறது. அதற்குத் தப்ப எனக்கு வழியில்லை.

மூன்றாம் குறை: தொட்டிலும் சுயநலமும்

இந்தக் குறையைப் பெரியவர்களும் சொல்லியிருக்கிறார்கள். மறைந்த போப் பிரான்சிஸ் அவர்கள், 2022 ஜனவரி 5 அன்று, பிள்ளைகளுக்குப் பதிலாக நாய்களையும் பூனைகளையும் வளர்க்கும் தம்பதியரைக் குறித்து, அது ஒருவகைச் சுயநலம் என்று பேசினார். அதே உரையில், பெற்றோரற்ற பிள்ளைகளைத் தத்தெடுக்கும்படி அவர் மன்றாடியதையும் மறைக்காமல் சொல்லுகிறேன். வசதிக்காகவே பிள்ளையை வேண்டாமென்று ஒதுக்குகிறவர்கள் தங்கள் மனச்சாட்சியைச் சோதித்துப் பார்க்கட்டும் என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் ஒரு பொதுவான உண்மையைக் கையிலெடுத்து, ஆலயத்தின் நான்காவது வரிசையில் அமர்ந்திருக்கும் ஒரு குறிப்பிட்ட பெண்ணின்மேல் எறிய நமக்கு உரிமை தந்தவர் யார்? அவள் வேண்டாமென்றாளா, அவளுக்குக் கிடைக்கவில்லையா என்பதை யார் கேட்டோம்?

அவர்களுடைய அனுமதியோடு சொல்லுகிறேன். நாலு வருடத்தில் மூன்று கருக்கள் தங்கவில்லை. மூன்றாவது முறை ஐந்தாம் மாதம். மருத்துவமனையிலிருந்து வெறுங்கையோடு வீடு திரும்பிய நாளில், கதவைத் திறந்ததும் எதிரே வந்து, பேசத் தெரியாமல், அந்தச் சகோதரியின் பாதத்தின்மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது மணிதான். அந்த வாரம் நம் சபையிலிருந்து யாரும் போகவில்லை. நமக்குத் தெரியாது என்று சொல்லலாம். தெரியவில்லை, சரி. தெரிந்துகொள்ளும்படியான நெருக்கத்தை நாம் கொடுத்திருந்தோமா? இரண்டு ஞாயிறு கழித்து அவர்கள் ஆலயத்துக்கு வந்தபோது, வாசலில் நின்ற ஒரு தாயார் அன்போடுதான் கேட்டார்: "என்னம்மா, விசேஷம் ஏதும் உண்டா?" அதற்குப் பிறகு அந்தச் சகோதரி கடைசிப் பாட்டு முடியும் முன்பே வெளியேறிவிடுவார். ஆராதனைக்கு மரியாதை இல்லை என்று அதையும் குறையாகச் சொன்னோம்.

ரெபெக்காளிடத்துக்கே திரும்புங்கள். ஈசாக்கு அவளை விவாகம் செய்தபோது அவனுக்கு வயது 40. ஏசாவும் யாக்கோபும் பிறந்தபோது வயது 60. நடுவில் 20 ஆண்டுகள். நாம் பிரசங்கங்களில் அந்த இருபது ஆண்டுகளை ஒரே மூச்சில் தாண்டிவிடுகிறோம். அந்த ஆண்டுகளில் அந்தக் கூடாரத்தில் தொட்டில் இல்லை. ஒட்டகங்களும் ஆடுமாடுகளும் இருந்தன. துரவண்டையில் வாயில்லாத ஜீவன்களின்மேல் இரக்கம் காட்டிய அந்தக் கை, இருபது ஆண்டுகள் அவற்றுக்கே தண்ணீர் வார்த்திருக்கும். அவள் சுயநலக்காரி என்று வேதம் சொல்லவில்லை. ஈசாக்கு தன் மனைவிக்காக வேண்டுதல் செய்தான் என்று சொல்லுகிறது. ஈசாக்கு ஜெபித்தான், நாமோ பேசினோம்.

லூக்கா 16-ஆம் அதிகாரத்தில் ஐசுவரியவானின் வாசலில் பருக்களோடு கிடந்த லாசருவை நினைத்துப்பாருங்கள். உள்ளே தினந்தோறும் விருந்து. விருந்துக்கு வந்தவர்களும் போனவர்களும் அவனைக் கடந்துதான் நடந்திருப்பார்கள். அவனருகே வந்தவை என்று ஆண்டவர் குறிப்பிட்டது நாய்களை மாத்திரமே. அந்த வாசலில் வேறு யாராவது அவன்மேல் கைவைத்துப் பார்த்திருந்தால், ஆண்டவர் அவர்களையே சொல்லியிருப்பார். நம் சபையில் ஒரு குடும்பத்தின் துக்கத்தில் அருகில் வந்தது ஒரு நாய். அது அந்தக் குடும்பத்தின் வெட்கமா, நம்முடைய வெட்கமா?

மிருகங்களை வளர்ப்போருக்கு

ஒருதலையாகப் பேசக் கூடாது. நாயைக் கண்டு பயப்படுகிறவர்கள் இரக்கமற்றவர்கள் அல்லர். நம் தெருக்களில் நாய்க்கடி பட்ட பிள்ளைகள் உண்டு. வெறிநாய்க்கடி நோய் முற்றிவிட்டால் உயிர் பிழைப்பது அரிதினும் அரிது. ஆகவே கடிபட்டால் மஞ்சளும் மிளகாய்ப்பொடியும் அப்பிக் காலம் போக்காமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, தாமதமின்றி மருத்துவமனையில் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். வளர்ப்பவர்களே, ஆண்டுதோறும் தடுப்பூசி போடாமலும், வெளியே செல்கையில் கயிறு பிடிக்காமலும், அயலானின் வாசலை அசுத்தமாக்கியும் நாய் வளர்ப்பது அன்பு அன்று. ஆயிரக்கணக்கில் கொடுத்து அயல்நாட்டு நாயை வாங்கி, அது நோயுற்றதும் நெடுஞ்சாலையில் இறக்கிவிட்டு வருவது பாவம். நாய்க்கு இறைச்சி வாங்கிக் கொடுத்துவிட்டு, வீட்டு வேலை செய்யும் அம்மாளுக்குப் பழைய சோற்றை வேறு தட்டில் வைப்பவரின் ஜீவகாருணியத்தை ஆண்டவர் ஏற்கமாட்டார். மணிக்கு இரண்டாம் கிண்ணம் வைக்கும் முன்பு தங்கள் தெருவில் குப்பை அள்ளும் பெரியவருக்குத் தினமும் காலை ஆகாரம் கொடுத்த வீடு, நாம் குறைகூறுகிற அந்த வீடுதான் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

'நாய்கள் பரலோகம் போகுமா' என்று என்னைக் கேலியாகக் கேட்டவர்களுக்கும் ஒரு பதில். அந்தச் சகோதரியும் இதே கேள்வியைக் கேட்டார், கேலியாக அல்ல. நான் போகும் என்றும் சொல்லவில்லை, போகாது என்றும் சொல்லவில்லை. சிருஷ்டி முழுவதும் ஏகமாய்த் தவித்து விடுதலைக்காகக் காத்திருக்கிறது என்று ரோமர் 8-ஆம் அதிகாரத்தில் பவுல் எழுதியதை வாசித்துக் காட்டினேன். மிச்சத்தை, அதைப் படைத்தவருடைய கையில் விட்டோம். படைத்தவருக்குத் தம் கைவேலையின்மேல் நம்மைவிட இரக்கம் குறைவாயிராது.

இந்த வாரம் செய்யவேண்டியவை

பிரியமானவர்களே, உங்களிடம் மூன்று காரியங்களைக் கேட்கிறேன். முதலாவது, சபையிலும் உறவிலும் குழந்தையில்லாத எவரிடமும் 'விசேஷம் உண்டா' என்று இனிக் கேளாதிருங்கள். சொல்லவேண்டியிருந்தால் அவர்களே சொல்லுவார்கள். இரண்டாவது, இணையத்தில் வரன் தேடும் பெற்றோர், சாதியைக் கேட்கும் அந்தக் கட்டத்தை இன்றே வெறுமையாக்குங்கள். அதைச் செய்யக் கை வரவில்லையென்றால், ஏன் வரவில்லை என்பதைத் தனியறையில் ஆண்டவரிடம் சொல்லுங்கள். மூன்றாவது, அந்த வீட்டின் கதவைத் தட்டுங்கள். வேதம் போதிக்கப் போகவேண்டாம்; ஒரு பாத்திரத்தில் குழம்பு எடுத்துக்கொண்டு போங்கள். இரண்டு பூனைகள் உங்கள் காலைச் சுற்றும். பயமாயிருந்தால் சொல்லுங்கள், அவர்கள் அவற்றை உள்ளே விட்டுக் கதவைச் சாத்துவார்கள். நம் வசதிக்காக விட்டுக்கொடுக்க அவர்களுக்குத் தெரியும். அவர்களுடைய துக்கத்துக்காக விட்டுக்கொடுக்க நமக்குத்தான் இன்னும் தெரியவில்லை.

நானும் என் பங்கைச் செய்யவேண்டும். பீடத்தில் நின்று செய்த பிழைக்கு வீட்டுக் கூடத்தில் மன்னிப்புக் கேட்டால் போதாது. வருகிற ஞாயிறு, அதே பீடத்தில், அதே சபையார் முன்பாக, அந்தச் சொல்லை நான் திரும்பப் பெற்றுக்கொள்வேன். அவர்கள் வருவார்களா என்று தெரியாது. நான்காவது வரிசையில் அவர்கள் அமரும் இடத்தை யாரும் எடுத்துக்கொள்ளாதிருங்கள்.

ஜெபம்: இரக்கமுள்ள பிதாவே, பெரிய ஜீவனையும் சிறிய ஜீவனையும் உண்டாக்கி அவற்றைப் போஷிக்கிறவரே, உம்முடைய பிள்ளைகளின் துக்கத்தை எங்கள் வாயால் பெருக்கினோம், மன்னியும். கேட்கப்படாத தாகத்தையும் கண்டுகொள்ளும் கண்களை, ரெபெக்காளுக்குக் கொடுத்ததுபோல எங்களுக்கும் தாரும். தொட்டில் வெறுமையாயிருக்கும் வீடுகளில் நீரே தங்கியிரும். எங்கள் சபையின் வாசல், காயப்பட்டவர்கள் கிடக்கும் வாசலாயிராமல், அவர்கள் உள்ளே வரும் வாசலாயிருக்கச் செய்யும். இயேசுகிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.

கர்த்தருடைய சமாதானம் உங்கள் ஒவ்வொருவரோடும், உங்கள் வீட்டிலுள்ள சகல ஜீவன்களோடும் இருப்பதாக.

உங்கள் ஜெபத்தை நாடும்,
உங்கள் போதகர்